வலது கால் பிரேக் பெடல் மேலேயே போய் உட்காருகிறது, என்ன செய்வது?

கியருக்குப் புதுசு:
வணக்கம். எட்டு வருடமாக ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டியவள் நான். மூன்று மாதம் முன்புதான் 125 சிசி கியர் பைக்குக்கு மாறினேன், பின்னால் டிரம் பிரேக். தினமும் மேடவாக்கத்தில் கிளம்பி பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் வரைக்கும் ஓட்டம். போன வியாழக்கிழமை ஓஎம்ஆர் சிக்னலில் பின்னால் வந்து நின்ற ஆட்டோ அண்ணன், "ஏம்மா, பெரும்பாக்கத்துல இருந்து உன் பிரேக் லைட்டு அணையவே இல்ல, நீ எப்ப நிக்கப் போறேன்னே எனக்குத் தெரியல" என்றார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வலது கால் பெருவிரல் பெடல் மேல் படிந்து கிடக்கிறது. எப்போது அங்கே போனது என்று எனக்கே தெரியாது.

காரணம் ஓரளவு புரிகிறது. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில், காலுக்கு வேலையே கிடையாது, பலகையில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். அதே பழக்கம் இங்கேயும் கூடவே வந்துவிட்டது. வண்டி வாங்கியபோது லிட்டருக்கு 58 கொடுத்தது, இப்போது 50 தாண்டுவதில்லை. வீட்டில் வந்து நிறுத்தினால் பின் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வேறு.

காலை எங்கே வைக்க வேண்டும்? என் ஷூ சைஸ் 5. பாதத்தின் நடுப்பகுதியை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தால் விரல் பெடல் மேல் விழுகிறது. பின்னால் இழுத்து வைத்தால் அவசரத்துக்கு பிரேக் எட்டவில்லை. அத்தை மகன் ஒருவர் விரலை பெடலுக்குக் கீழே செருகி வைத்துக்கொள் என்கிறார். சரியா?

போரூர் ஏரிக்கரை:
முதலில் அந்தக் கடைசி யோசனையை விட்டுவிடுங்கள். விரல் பெடலுக்குக் கீழே இருந்தால் பிரேக் அடிக்க காலை வெளியே எடுத்து, தூக்கி, மேலே கொண்டுவந்து மிதிக்க வேண்டும். குறுக்கே ஒரு மாடு வந்தால் அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது விரல் அங்கேயே மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

அடுத்தது, தப்பு காலிலா வண்டியிலா என்று பிரித்துப் பாருங்கள். நாளைக் காலை வண்டி குளிர்ந்திருக்கும்போது சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். லேசான சத்தம் வந்தால் பரவாயில்லை, ஆனால் கையை எடுத்த உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பெடலை ஒருமுறை நன்றாக மிதித்து விட்டுவிட்டு மறுபடியும் சுற்றுங்கள். முதல் தடவை நன்றாகச் சுற்றி இரண்டாம் தடவை இறுகினால், மிதித்த பிரேக் முழுசாகத் திரும்பி வரவில்லை.

இரண்டும் சரியாக இருந்தால், காலி ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் வலது காலை வேண்டுமென்றே பின்னால் இழுத்து வைத்து, பெடலைத் தொடாமல் ஓட்டுங்கள், கை பிரேக்கிலேயே மெதுவாக நிறுத்துங்கள். இறங்கியதும் டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு இல்லையென்றால் குற்றவாளி கால்தான். கால் படாமலேயே கொதிக்கிறது என்றால் மெக்கானிக்.

திருவொற்றியூர் புல்லட்:
அம்மா, நான் 1978லிருந்து வண்டி ஓட்டுகிறேன். எங்கள் ஊரில் 1956லிருந்து புல்லட் தயாரானது, என் முதல் வண்டியும் அதுதான். அப்போது வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். பிறகு வலது பக்க பிரேக் வண்டிக்கு மாறியபோது எனக்கும் கால் குழம்பியது, ஒரு மாதத்தில் பழகிவிட்டது. உங்களுக்கும் பழகிவிடும், பயப்படாதீர்கள்.

ஆனால் இங்கே எல்லோரும் "பிரேக்கைத் தொடாதே" என்று சொல்லிவிடப் போகிறார்களோ என்று கவலையாக இருக்கிறது. சென்னை டிராஃபிக்கில் கால் பிரேக் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஓட்டியவன் சொல்கிறேன், பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்து ஸ்டைலாக ஓட்டுகிற ரோடு இது இல்லை.

நாள் முழுக்க ரோட்டில்:
பெரியவர் சொல்வது உண்மை. ஆனால் பக்கத்தில் இருப்பது வேறு, மேலே படுத்திருப்பது வேறு.

நான் டெலிவரி வேலை, ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் குறையாது, கிண்டி, வேளச்சேரி, தரமணி ஏரியா. காலையில் கால் ஒழுங்காக இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல், வெயிலில் அலைந்து சோர்ந்த பிறகுதான் கணுக்கால் தளர்ந்து விரல் தானாக இறங்கும். விரலைத் தூக்கியே பிடித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை வலி எடுத்துவிடும், யாராலும் எட்டு மணி நேரம் அப்படி வைத்திருக்க முடியாது. அதனால் "காலைத் தூக்கி வை" என்கிற யோசனை சொல்ல எளிது, செய்ய முடியாது. கால் சும்மா இருக்கும்போதே பெடலில் படாத மாதிரி பெடலை இறக்க வேண்டும், அதுதான் வழி.

சகோதரி, ஒரு வேலை செய்யுங்கள். தினமும் போடுகிற ஷூவின் வலது அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே பெடல் அகலத்துக்குத் தேய்ந்து பள்ளமாக இருந்தால் எவ்வளவு நாளாக இது நடக்கிறது என்று தெரிந்துவிடும். என் பழைய ஷூவில் பெடலின் பல் தடம் அப்படியே பதிந்திருந்தது. செருப்பு போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் மோசம், செருப்பு நழுவாமல் இருக்க விரலை அழுத்தியே வைத்திருப்போம், அந்த அழுத்தம் நேராக பிரேக்குக்குப் போகும்.

புதுப்பேட்டை ஸ்பேனர்:
வண்டி பக்கத்தை நான் சொல்கிறேன், இருபது வருடமாக இதே வேலை.

டிரம் பிரேக்கில் பெடலை மிதித்தால் ஒரு ராடு முன்னால் இழுக்கும், அது பின் சக்கரத்தில் இருக்கிற லீவர் கையைத் திருப்பும், அந்தக் கையோடு சேர்ந்த கேம் உள்ளே இரண்டு பிரேக் ஷூவையும் (காலில் போடுகிற ஷூ இல்லை, டிரம்முக்குள் இருக்கிற வளைந்த பட்டைகள்) விரித்து டிரம்மில் உரச வைக்கும். பெடலை விட்டால் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேம் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்திருந்தால் பாதியில் நின்றுவிடும், மழைக்காலத்துக்குப் பிறகு இந்தப் புகார்தான் அதிகம் வரும்.

இப்போது விளையாட்டு, நாங்கள் பிளே என்போம். பெடலைக் கையால் அமுக்கினால் பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் சும்மா இறங்குகிற தூரம். பெரும்பாலான 100, 125 சிசி டிரம் வண்டிகளில் அது 20லிருந்து 30 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு இஞ்ச். உங்கள் வண்டி மேனுவலில் சரியான அளவு போட்டிருக்கும், அதைப் பாருங்கள். இந்த ஒரு இஞ்ச் எதற்கு? கால் லேசாகப் பட்டாலும் பிரேக் பிடிக்காமல் இருக்கத்தான். கஸ்டமர் வந்து "பிரேக் தொட்டதும் நிக்கணும்ணே" என்பார், பையன் நட்டை இறுக்கிக்கொண்டே போய் ஒரு இஞ்ச்சை கால் இஞ்ச் ஆக்கிவிடுவான். கஸ்டமருக்கும் சந்தோஷம். அதற்குப் பிறகு விரல் எடையே பிரேக் பிடிக்கப் போதும்.

நிறைய பேர் கவனிக்காத இன்னொன்று, செயின். செயின் டைட் வைத்தால் பின் சக்கரம் பின்னால் நகரும். பிரேக் ராடு நீளம் அதேதான். அதாவது நீங்கள் பிரேக் நட்டைத் தொடாமலேயே பிரேக் இறுகிவிட்டது. செயின் வேலை முடிந்ததும் பிளே பார்க்காமல் வண்டியை வெளியே விடுகிறவர்கள் நிறைய பேர். புதுசு அக்கா, சமீபத்தில் செயின் டைட் வைத்தீர்களா?

அப்புறம், 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரைக்கும் உள்ள வண்டிகளில் குறைந்தது சிபிஎஸ் இருந்தே ஆக வேண்டும். சிபிஎஸ் என்றால் கால் பிரேக்கை மிதிக்கும்போது முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அதனால் கால் பிரேக் செட்டிங்கில் சந்தேகம் இருந்தால் நீங்களே திருகாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், சில வண்டிகளில் முன்பக்கமும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கியருக்குப் புதுசு:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பார்த்தேன்.

சக்கரம் ஒரு அரைச் சுற்று வந்து நின்றது. மிதித்துவிட்டுச் சுற்றினாலும் அதே அரைச் சுற்று. பெடல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் 6 மில்லிமீட்டர்தான் சும்மா இறங்குகிறது. செயின் விஷயம் கேட்டீர்களே, போன மாதம் இரண்டாவது சர்வீஸில் செயின் டைட் வைத்ததாக பில்லிலேயே இருக்கிறது. மைலேஜ் குறைந்ததும் அதற்குப் பிறகுதான், தேதி ஒத்துப்போகிறது. ஷூவையும் திருப்பிப் பார்த்தேன். தடம் இருக்கிறது. மூன்று மாதத்தில் அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றால் முதல் நாளிலிருந்தே காலை வைத்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன் போல.

அப்படியானால் பாதி வண்டி, பாதி நான்?

புதுப்பேட்டை ஸ்பேனர்:
ஆமாம். முன்பும் கால் படிந்துதான் இருந்திருக்கும், ஒரு இஞ்ச் பிளே இருந்ததால் அது தாங்கிக்கொண்டது. பிளே போனதும் வெளியே தெரிந்துவிட்டது.

சரிசெய்கிற வரிசை முக்கியம். முதலில் பெடல் உயரம். நிறைய வண்டிகளில் பெடல் எவ்வளவு மேலே வரலாம் என்று தடுக்க ஒரு ஸ்டாப்பர் போல்ட் இருக்கும், லாக் நட்டைத் தளர்த்தி அதைத் திருப்ப வேண்டும். நீங்கள் வண்டியில் உட்கார்ந்து, தினமும் போடுகிற ஷூவோடு காலை ஃபுட்ரெஸ்ட்டில் சாதாரணமாக வைத்தால் விரலுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். அடுத்து பிளே. உயரத்தை மாற்றினால் பிளேவும் மாறும், அதனால்தான் இந்த வரிசை. கடைசியாக பிரேக் லைட் சுவிட்ச், அதற்கும் தனி நட்டு உண்டு, பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் எரிகிற மாதிரி வைக்க வேண்டும். சுவிட்ச் மட்டும் தப்பாக இருந்தாலும் லைட் எரிந்துகொண்டே இருக்கும், அதனால் லைட்டை மட்டும் வைத்து பிரேக் உரசுகிறது என்று முடிவுக்கு வரக்கூடாது. உங்கள் விஷயத்தில் சக்கரமே சொல்லிவிட்டது.

கருகல் வாடை வந்தது என்றால் டிரம்மைத் திறந்து பிரேக் ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்ந்து சூடாகி லைனிங், அதாவது ஷூ மேல் உரசுகிற பகுதி, கண்ணாடி மாதிரி வழவழப்பாகி இருந்தால் பிடிப்பு குறைந்துவிடும். பிரேக் எப்போதும் பிடித்துக்கொண்டே இருந்து, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காமல் போவது இப்படித்தான்.

ஈசிஆர் ஞாயிறு:
கால் நிலை பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லை. பாதத்தின் முன்பந்து, அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கிற தடித்த பகுதி, அதுதான் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்க வேண்டும், குதிகால் உள்பக்கம் வண்டியை ஒட்டி. வளைவில் விரல் தரையில் உரசாது, உடல் எடையைக் காலில் வாங்கலாம், பிரேக்கைத் தெரியாமல் மிதிக்கவே முடியாது. பிரச்சினை முழுசாகத் தீர்ந்துவிடும்.

திருவொற்றியூர் புல்லட்:
தம்பி, மகாபலிபுரம் ரோட்டில் காலை ஐந்து மணிக்கு அது சரி. ஜெமினி பாலத்துக்குக் கீழே சாயந்திரம் ஆறு மணிக்கு அந்தக் காலை பெடலுக்குக் கொண்டுவர ஆகிற நேரத்தில் முன்னால் போகிற பஸ் நின்றிருக்கும்.

ஈசிஆர் ஞாயிறு:
அதற்கு முன் பிரேக் இருக்கிறதே ஐயா. பிரேக் பிடித்தால் எடை முன்னால்தான் போகும், நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துக்கு. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் லாக் ஆகி வழுக்கத்தான் செய்யும்.

திருவொற்றியூர் புல்லட்:
முன் பிரேக் முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து பிடிக்க வேண்டும். மணல் கொட்டிக் கிடக்கிற இடத்தில் முன் பிரேக்கை மட்டும் அமுக்கினால் என்ன ஆகும் என்று மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

நாள் முழுக்க ரோட்டில்:
நான் இரண்டையும் செய்கிறேன். கிண்டி தாண்டி ரோடு திறந்தால் காலைப் பின்னால் இழுத்து முன்பந்தில் வைப்பேன். வேளச்சேரி விஜயநகர் நெருங்கும்போது காலை முன்னால் நகர்த்தி நடுப்பாதத்தில் வைத்து விரலை பெடலுக்கு மேல் கொண்டுவருவேன், தொடாமல். அந்த நகர்த்தல்தான் பழக வேண்டியது. இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் கால் மரத்துப்போவதும் குறைகிறது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள், பெடலில் படாமல் இருக்க விரலை வெளிப்பக்கம் வாத்து மாதிரி திருப்பி வைப்பது. ஆட்டோ பம்பர், சென்டர் மீடியன் கல், எதில் வேண்டுமானாலும் இடிக்கும். என் நண்பனுக்கு சுண்டுவிரல் எலும்பு உடைந்தது அப்படித்தான்.

சைஸ் 5 ஷூ என்பதால் உங்களுக்கு பெடல் தூரம் என்று தோன்றும். அதற்காக முழங்காலை முன்னால் தள்ளி உட்காராதீர்கள், அப்போது பாதம் முழுக்க முன்னால் போய் பெடலில்தான் விழும். இடுப்பைக் கொஞ்சம் முன்னால் டேங்க் பக்கம் நகர்த்தி உட்கார்ந்து பாருங்கள், குதிகால் இறங்கும், விரல் தானாக மேலே நிற்கும்.

சேலையூர் டிஸ்க்:
டிஸ்க் வைத்திருப்பவர்கள் "நமக்கு இல்லை" என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். டிஸ்க்கில் இது இன்னும் ஆபத்து, எனக்கே நடந்தது.

போன வருடம் ஏலகிரி போனோம். 14 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது மனைவி பின்னால், ஒரு பை வேறு. முதல் வளைவிலிருந்தே பின் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினேன். முழுசாக அழுத்தவில்லை, லேசாகத்தான், பாதுகாப்பு என்று நினைத்து. பாதி மலை இறங்குவதற்குள் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, பிடிப்பே இல்லை. முன் பிரேக்கும் இரண்டாம் கியரும்தான் காப்பாற்றின. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டோம்.

பிறகு விசாரித்ததில் புரிந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரைக்கும் இறங்கிவிடலாம். என் வண்டியில் நாலு வருடமாக மாற்றவே இல்லை. கொதித்தால் ஆவிக்குமிழி, குமிழி அமுங்கும், அதனால் பெடல் உள்ளே போகிறது.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். கால் பெடலில் படிந்தே இருந்தாலோ பெடலில் பிளே இல்லாவிட்டாலோ, மாஸ்டர் சிலிண்டரில், அதாவது பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற பாகத்தில், ஆயில் திரும்பிப் போகிற சின்னத் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிகிற ஆயில் போக இடமில்லாமல், டிஸ்க்கைப் பிடிக்கிற பேடை இன்னும் அழுத்தும், இன்னும் சூடு, இன்னும் அழுத்தம், கடைசியில் சக்கரம் தானாக இறுகிவிடும். அப்படி ஆனால் தள்ளாதீர்கள், நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

புதிய பதிவர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு அடுத்த வாரம் ஆர்டிஓவில் லைசென்ஸ் டெஸ்ட், 8 போட வேண்டும். சொல்லிக்கொடுக்கிற அண்ணன் பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே போ என்கிறார். இங்கே எல்லோரும் கூடாது என்கிறீர்கள். எது சரி?

போரூர் ஏரிக்கரை:
அவர் சொல்வதும் சரி, தம்பி. நடக்கிற வேகத்தில் 8 போடும்போது கிளட்ச்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாகப் பிடித்தால் வண்டி ஆடாமல் நிற்கும். நெருக்கமான யூ டர்னுக்கும் அதுதான் வழி. முன் பிரேக்கை ஹேண்டில் திரும்பியிருக்கும்போது தொட்டால் விழுவாய். அங்கே நீ தெரிந்தே மிதிக்கிறாய், பத்து வினாடியில் விட்டுவிடுகிறாய். அதே மாதிரி, தேங்கிய தண்ணீரில் ஓட்டி வெளியே வந்ததும் டிரம் நனைந்து பிரேக் பிடிக்காது, அப்போது பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து கொஞ்ச தூரம் லேசாக மிதித்துக்கொண்டே போய்க் காயவைக்க வேண்டும். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு டிசம்பரில் இது தினசரி வேலை. இழையைத் தொடங்கியவருக்கு நடந்தது வேறு, கால் மிதிப்பது அவருக்கே தெரியவில்லை.

கியருக்குப் புதுசு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

வீட்டுப் பக்கத்துக் கடையில் காட்டினேன். பெடலை இறக்கி, பிளே 25 வைத்து, சுவிட்சையும் சரிசெய்தார். டிரம்மைத் திறந்து காட்டினார், பிரேக் ஷூ ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது, உப்புக் காகிதத்தில் தேய்த்துப் போடலாமா என்றார், நான் புதிதாகவே மாற்றச் சொல்லிவிட்டேன். கேமுக்கு கிரீஸ். ஒரு மணி நேர வேலை. இப்போது சக்கரத்தைச் சுற்றிவிட்டால் மூன்று சுற்று தாராளமாக வருகிறது.

கால் பழக்கம்தான் நேரம் எடுத்தது. முதல் வாரம் ஒவ்வொரு சிக்னலிலும் குனிந்து பார்த்தேன், பத்தில் ஆறு தடவை விரல் பெடலில்தான். இடைவெளி இருப்பதால் பிரேக் பிடிக்கவில்லை, ஆனாலும் கால் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தது. பெரும்பாக்கம் நேர் ரோடு வந்ததும் காலைப் பின்னால் இழுப்பது, நெரிசல் தெரிந்ததும் முன்னால் கொண்டுவருவது, இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பழகினேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்காது.

நேற்று அலுவலகத் தோழியை ஸ்கூட்டரில் பின்னாலேயே வரச் சொன்னேன். மேடவாக்கம் கூட்ரோட்டிலிருந்து சோழிங்கநல்லூர் வரை லைட் எங்கெல்லாம் எரிந்தது என்று கணக்கு வைத்திருந்தாள். இரண்டு சிக்னல், ஒரு ஸ்பீடு பிரேக்கர், பெரும்பாக்கம் ஏரி தாண்டி குறுக்கே ஓடிய ஒரு நாய். அவ்வளவுதான்.